வேடமும் வாயிற்காவலும்

ஏமாற்றப்பட்டவர் வைத்த நம்பிக்கை அறமா, பிழையா என்ற கேள்வி இணைய மோசடிகளோடு பிறந்ததன்று. சைவ மரபு அதை ஒரு கொலைக் கதையாக வைத்துப் பேசியிருக்கிறது. கதை நிகழ்ந்த இடம் திருக்கோவலூர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அது ஒரு வட்டத் தலைநகர். அவ்வூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களுள் ஒருவராக வைத்தார்; பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றை விரித்துரைத்தார்.

போரில் பலமுறை தோற்ற முத்தநாதன் என்ற பகையரசன், படையால் ஆகாததை வேடத்தால் முடிக்கத் துணிகிறான். உடலெங்கும் திருநீறு, முடித்த சடை, கையில் ஏட்டுக்கட்டு, கட்டுக்குள் கத்தி. நாயனார் சிவவேடத்தைச் சிவமாகவே கொள்பவர் என்பது நாடறிந்த செய்தி. அதனால் வாயில்தோறும் காவலர்கள் வணங்கி வழிவிடுகிறார்கள். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்துச் செல்லுங்கள் என்று தடுக்கிறான். வந்தவன் அவனை மீறி உள்ளே போகிறான். வேறெங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், அதைத் தனியிடத்தில்தான் சொல்ல முடியும் என்றும் கூறுகிறான். நாயனார் அரசியை அந்தப்புரத்துக்கு அனுப்பிவிட்டு, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்குகிறார். வணங்கும் நேரத்தில் கத்தி பாய்கிறது. உள்ளே பாய்ந்து வாளோங்கிய தத்தனை நாயனார் தடுக்கிறார். வந்தவனுக்கு ஊறு நேராமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும்படி பணிக்கிறார். கொல்லத் திரண்ட மக்களை விலக்கி, தத்தன் அவனைக் காட்டு வழியில் விட்டுத் திரும்பிச் செய்தி சொன்ன பிறகே நாயனார் உயிர் விடுகிறார்.

பக்திச் சுவையைச் சற்றுத் தள்ளி வைத்து, ஒரு காவல் ஆய்வாளரின் கண்ணோடு படித்தாலும் கதை தெளிவாகவே இருக்கிறது. யாரை எது மடக்கும் என்பது முன்பே விசாரித்து அறியப்பட்டிருக்கிறது. அதற்கேற்ற உடை அணியப்பட்டிருக்கிறது. அரிய பொருள் ஒன்று காட்டப்படுகிறது. கடைசியாக, பக்கத்தில் இருக்கும் ஆள் வெளியே அனுப்பப்படுகிறார். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் அண்மை ஆண்டுகளில் நடந்துவரும் மோசடியின் ஒழுங்கும் இதுதான். காணொளி அழைப்பில் காக்கிச் சட்டை தெரியும். பின்னால் காவல் நிலையம்போல ஒரு சுவர் தெரியும். உங்கள் ஆதார் எண்ணில் கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்பது அடுத்த கட்டளை. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே கிடையாது என்பதைப் பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் சொல்ல வேண்டியிருந்தது. இதில் மிக முக்கியமான படி கடைசிப் படிதான். அரசி அறையில் இருந்திருந்தால் முத்தநாதனின் கட்டு அவிழ்ந்திருக்காது. பக்கத்து அறையில் இருக்கும் மகளைக் கூப்பிட்டிருந்தால் பெரும்பாலான டிஜிட்டல் கைதுகள் அந்த நிமிடமே முடிந்திருக்கும்.

கொலையுண்டவரைச் சைவம் ஏமாளியாகப் பார்க்கவில்லை. கார்த்திகை உத்திரத்தில் அவருக்குக் குருபூசை நடக்கிறது. இதே மாவட்டத்துத் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அந்த நாட்டை ஆண்டு, அவரைப் பிள்ளையாக வளர்த்த நரசிங்கமுனையரையரும் ஒரு நாயனார். திருவாதிரைதோறும் அடியார்க்கு நூறு பொன் வழங்கிவந்த அவர், காமக்குறி வெளிப்படத் திருநீறு பூசி வந்த ஒருவனை மற்றவர்கள் அருவருத்து ஒதுங்கியபோது, அவனுக்கு இருநூறு பொன் கொடுத்து வணங்கினார். நீறு பூசியவனை இகழ்ந்த பழி மற்றவர்களைச் சேரக் கூடாது என்பது அவர் எண்ணம். இந்தக் கதைகளின் அறநிலை நேரானது: வேடத்துக்கு உரிய மதிப்பை, அதை அணிந்தவனின் யோக்கியதை குறைக்காது.

திருக்குறள் வேறு தரையில் நிற்கிறது. கூடாவொழுக்கம் என்ற அதிகாரம் தவக்கோலத்துக்குள் மறைந்து வேட்டையாடுபவரைக் கடுமையாகச் சாடுகிறது. தெரிந்துதெளிதல் என்ற அதிகாரம், ஆராயாமல் நம்புவதும் ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது. அரசனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது, மெய்ப்பொருளாரும் அரசர்தாம். இரண்டு மரபுகளையும் சமாதானப்படுத்திவிட உரைகாரர் மனம் விரும்பக்கூடும். ஆனால் முரண்பாடு உண்மையானது. பெரியபுராணத்தில் ஐயம் அடியாரின் தகுதியைக் குறைக்கும். குறளில் ஐயமற்ற தொடக்கம் ஆட்சியைக் கெடுக்கும்.

முரண்பாட்டைத் தீர்க்க உதவுவது, பணயம் வைக்கப்பட்டது யாருடைய பொருள் என்ற கேள்வி. மெய்ப்பொருளார் பணயம் வைத்தது தம் உயிரை. நரசிங்கமுனையரையர் கொடுத்தது தம் பொன்னை. தன்னுடையதை நம்பிக் கொடுத்து இழப்பவன் வள்ளலாகவோ அடியாராகவோ ஆகலாம். பிறர் தன்னிடம் விட்டுவைத்ததை நம்பிக் கொடுப்பவனுக்கு அந்தப் பட்டம் கிடைக்காது. அது அடைக்கலப் பொருள். இந்த வேறுபாட்டைத் தத்தன் அறிந்திருந்தான் என்றே கதை காட்டுகிறது. திருநீற்றை அவன் அவமதிக்கவில்லை, வந்தவனைப் பொய்யன் என்றும் சொல்லவில்லை. சமயம் பார்த்து வாருங்கள் என்றுதான் சொன்னான். அவன் காத்தது இன்னொருவரின் உயிர். அதனால் மற்ற வாயிற்காவலர்களைப் போல வணங்கி வழிவிடும் உரிமை தனக்கு இல்லை என்று கொண்டான். வேடத்தை மதிப்பதும் வாயிலைக் காப்பதும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்குச் சேக்கிழார் படைத்த சான்று அவன். பிற்காலச் சொற்பொழிவுகளில் அவனுக்குக் கிடைக்கும் இடம் போதாது.

ஒரு கைப்பேசியில் உள்ளவற்றில் எவ்வளவு அதை வைத்திருப்பவருடையது என்று பார்த்தால் இந்த வேறுபாட்டின் எடை புரியும். தொடர்புப் பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கான எண்கள் மற்றவர்களுடையவை. தாயின் ஓய்வூதியக் கணக்கு, மகளின் சான்றிதழ்ப் படம், மகளிர் குழுவின் சேமிப்பு விவரம், ஊர் நாட்டாமைக்கு வந்த புகாரின் நகல் எல்லாம் அதில் கிடக்கும். அதற்குரியவர் ஏமாந்து கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் அனைவரும் வெளியே வருகிறார்கள். எனவே தனியுரிமை என்பது தன்னலக்காரரின் ஒளிப்பு என்ற குற்றச்சாட்டில் பாதிதான் பொருள் உண்டு. மறுபாதி பிறர்க்காகச் செய்யும் காவல்.

அடைக்கலம் தவறியதற்கு இம்மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வெளிப்பட்ட பிரதமரின் கிசான் நிதித் திட்ட முறைகேடு முதலில் பெரிதாகப் பேசப்பட்ட மாவட்டங்களுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கும் திட்டம் அது. கொரோனா முடக்கக் காலத்தில் பதிவு எளிதாக்கப்பட்டபோது, இடைத்தரகர்களும் தனியார் கணினி மையத்தினரும் ஊர் ஊராக ஆதார் நகலும் வங்கிக் கணக்குப் புத்தக நகலும் திரட்டினார்கள். கொரோனா நிவாரணப் பணம் என்றே பலரிடம் சொல்லப்பட்டது. விண்ணப்பங்களை ஏற்பதற்கு வேளாண் துறை அலுவலர்களின் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் பயன்பட்டன. 13 மாவட்டங்களில் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டதாகவும், 110 கோடி ரூபாய் போனதாகவும் அப்போதைய வேளாண் துறைச் செயலர் அறிவித்தார். ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், சிபிசிஐடி விசாரித்தது, கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது.

இதில் ஏமாந்தது யார் என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதன்று. நகல் கொடுத்த கூலிக்காரர் இரண்டாயிரம் ரூபாய் பெற்றார். அதில் தரகருக்குப் பங்கும் போனது. கருவூலத்துக்கு எதிரான ஒரு முறைகேட்டில் தம் பெயர் ஒரு வரியாகச் சேர்ந்ததை அவர் அறியவில்லை. பிறகு வங்கி அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டபோது, முழுத் தொகைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆதார் நகல் கொடுத்தது அவர் பிழை என்றால், கடவுச்சொல்லை வெளியார் கைக்கு விட்டது எவ்வளவு பெரிய பிழை? முதலாமவர் தம் சொந்த விவரத்தைக் கொடுத்தார். இரண்டாமவர் அரசு தம்மிடம் ஒப்படைத்த சாவியைக் கொடுத்தார். அடைக்கலத் தராசில் இரண்டும் ஒரே எடை ஆகா.

அடையாளத்தைச் சரிபார்ப்பதன் ஆபத்தையும் தமிழ்க் கதை மரபு விட்டுவைக்கவில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நீலி என்ற பேய், வணிகனின் மனைவியாக உருமாறிக் குழந்தையோடு வருகிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்று ஒட்டிக்கொண்டதைக் கண்ட ஊர்ச் சபை, அதையே உறவுக்குச் சான்றாகக் கொண்டு அவனை அவளோடு அனுப்புகிறது. அவன் உயிருக்கு எழுபது வேளாளர் பிணை நிற்கிறார்கள். அவன் கொல்லப்பட்டதும் சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீப்புகுந்தார்கள் என்பது கதை. ‘உங்கள் அட்டையின் கடைசி நான்கு எண்களை நான் சொல்கிறேன், சரிதானே?’ என்று கேட்கும் தொலைபேசிக் குரல் கையாள்வது நீலியின் குழந்தையைத்தான். ஒருவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது, அவர் நமக்கு வேண்டியவர் என்பதற்குச் சான்றாகாது. கசிந்துபோன விவரப் பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கும் காலத்தில், பெயரும் ஊரும் பிறந்த தேதியும் தெரிந்த அந்நியர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். கதையின் இன்னொரு பக்கம் அதைவிட உறுத்துவது: தவறாகச் சரிபார்த்த சபை தன் தவறுக்குத் தானே விலை கொடுத்தது. சரிபார்ப்பு தங்கள் வேலை என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் இன்று அவ்வளவு தூரம் போவதில்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பார்க்கலாம். வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. இருவர் மீதும் குறையின்றி வேறெங்கோ கசிவு நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் இழப்பு இல்லை. ஆனால் கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவருடையது. நம்பியதைச் சட்டம் கவனக்குறைவு என்று பெயரிட்டுக் கணக்கில் எழுதுகிறது. நிர்வாகத்துக்கு அந்தக் கோடு தேவைதான். அறத்தின்படி அது முரடானது: பயமுறுத்திப் பறிக்கப்பட்ட ஓடிபிக்கும் அசட்டையாகச் சொல்லப்பட்ட ஓடிபிக்கும் அதில் வேறுபாடு இல்லை.

திருக்கோவலூரில் இன்னொரு மாறுவேடமும் இருக்கிறது. அங்குள்ள உலகளந்த பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்று. குள்ள அந்தணனாக வந்து மூன்றடி மண் கேட்டு, மாவலி நீர்வார்த்த பின் ஓங்கி வளர்ந்து உலகை அளந்த திருமாலின் கோலம் அங்கே நிற்கிறது. சுக்கிராச்சாரியார் எச்சரித்தும் மாவலி கொடுத்தான். கொடுத்த சொல்லைக் காத்ததால் புகழ் பெற்றான். வைணவம் இதை அருளாகக் கொள்வதால் வஞ்சனைக் கேள்வி அங்கே எழுவதில்லை. ஆனால் கேட்டவர் கடவுளாக இல்லாதபோது, இந்தக் கதை ஒப்புதலைப் பற்றிய கடினமான கேள்வி ஒன்றைக் கிளப்புகிறது. மாவலி ஒப்புக்கொண்டது குள்ளனின் அடிக்கு. அளக்கப்பட்டது வளர்ந்தவனின் அடியால். ஒரு செயலியை நிறுவும்போது அழுத்தும் ‘அனுமதி’ எந்த அடிக்கு?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேரடியாக விடை சொல்ல முயல்கிறது. ஒப்புதல் கட்டாயமின்றி, விவரம் அறிந்து, குறித்த நோக்கத்துக்கு மட்டும் தரப்பட வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவு மட்டுமே அதில் அடங்கும். தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலுக்கும் அனுமதி கேட்டு, பயனர் சரி என்று அழுத்தினாலும், மருத்துவத்துக்குத் தேவையற்ற அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் செல்லாது என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே கட்டுப்படுத்தியது. தவணை தவறியவரின் உறவினர்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்திய செயலிகள் அதற்குக் காரணம். 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அதன்பின் பதினெட்டு மாதக் கெடு தரப்பட்டது. அதுவரை, வளரும் அடியை அளப்பது பெரும்பாலும் பயனரின் பொறுப்பாகவே இருக்கிறது.

மறைத்தல் பொய்யாகுமா என்பது சமயப் பற்றுள்ளவர்களை வேறு வகையில் தொந்தரவு செய்யும் கேள்வி. உண்மை பேசுபவர் கேட்டதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டுமா? வள்ளுவர் வாய்மைக்கு வைத்த அளவுகோல், சொல்லால் பிறருக்குத் தீமை விளையாதிருத்தல். அதன்படி, வங்கிக் கணக்கு எண்ணை அந்நியரிடம் சொல்லாதவர் பொய்யர் ஆகார். சொல்லி அதனால் குழுவின் சேமிப்பைப் பறிகொடுத்தவரின் சொல்தான் தீமையைப் பிறப்பித்தது. எல்லா இரகசியமும் ஒரு வகையன்று என்பதற்குத் திருக்கோட்டியூரில் இராமானுசர் செய்தது சான்று: ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பெற்ற மந்திரப் பொருளை அவர் வெளியிட்டார், தான் நரகம் போனாலும் பலர் உய்வார்கள் என்பது அவர் வாதம். எல்லாருக்கும் பயன்படும் பொருளைப் பூட்டி வைப்பது வேறு, ஒருவரைத் திறந்துவிடும் சாவியைக் காப்பது வேறு. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தபோது, அதை மனித மாண்போடு இணைத்தே பேசியது. முன்பின் தெரியாதவர் தன்னைப் பற்றி எவ்வளவு அறியலாம் என்பதைத் தானே முடிவு செய்ய முடியாதவருக்கு மாண்பு மிஞ்சுவது கடினம்.

மன்னிப்பு பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. முத்தநாதனை உயிரோடு அனுப்பிய நாயனாரைப் போற்றுபவர், மோசடிக்காரர் மீது புகார் கொடுக்கலாமா? நாயனார் மன்னித்தது தமக்கு நேர்ந்த ஊறை. அடுத்த வீட்டுக்காரருக்கு நாளை நேரப்போகும் ஊறை மன்னிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைப்பதன் முதல் பயன் தண்டனையன்று. பணம் பல கணக்குகள் வழியாக ஓடி மறைவதற்குள் அதை நிறுத்துவது. மணிக்கணக்கில் தாமதித்தால் அது நடக்காது. தாமதத்துக்குப் பெரும் காரணம் வெட்கம். படித்தவருக்கு அது கூடுதல். ஊரில் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்ற அச்சத்திலேயே பல புகார்கள் பிறக்காமல் போகின்றன. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏமாந்தது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை.

இந்த அறங்கள் எல்லாம் தனக்கென ஒரு கைப்பேசியும் எழுத்தறிவும் உள்ளவரை மனத்தில் வைத்தவை. கல்வராயன் மலையூர்களிலிருந்து சங்கராபுரத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வரும் மூதாட்டிக்கு நிலைமை வேறு. அவர் சார்பில் படிவம் நிரப்புவது இ-சேவை மையத்து இளைஞர். கைரேகை வாங்கிப் பணம் எடுத்துத் தருவது வங்கி முகவர். குறுஞ்செய்தி வருவது பேரனின் எண்ணுக்கு. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் முகவரின் கருவியில் அவர் ரேகை செல்லாது, நியாயவிலைக் கடையிலும் செல்லாது. திறக்கப் பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் நகல் பல இடங்களில் போதும் என்றாலும், அதைப் பதிவிறக்கித் தரவும் இன்னொருவர் கை வேண்டும். இவரிடம் ஆராய்ந்து நம்பு என்று சொல்வதற்கு அதிகப் பொருள் இல்லை. கடமை முழுவதும் எதிர்ப்பக்கம் இருக்கிறது: எடுக்கும் தொகையை உரக்கச் சொல்வது, ரசீதைக் கையில் கொடுப்பது, நகல் எடுத்த படத்தைக் கணினியில் விட்டுவைக்காமல் அழிப்பது, ரேகை ஒருமுறை பதியவில்லை என்று சொல்லி இரண்டாம் முறை வைக்கச் சொல்லும்போது முதல் முறை பணம் போகவில்லை என்பதைத் திரையில் காட்டுவது. கிசான் நிதி முறைகேட்டுக்குப் பின் கணக்குகளிலிருந்து பிடிக்கப்பட்ட பணத்தில் இப்படிப்பட்டவர்களுடையதும் இருந்திருக்கும். நகலைத் திரட்டியவர்களிடமிருந்து முதலில் பிடித்திருக்க வேண்டும்.